அடங்கியது சினமா, மூச்சா?

மனநல வார்டுக்குள் பாவனைப் பயிற்சி நுழைந்த வரலாறு

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் ஆற்றிய உரையும், பார்வையாளர் கேள்விகளுக்கு அளித்த பதில்களும் இங்கே எழுத்து வடிவில்)



எனக்குத் தரப்பட்ட தலைப்பு, மனநல மருத்துவமனைகளில் உயிர்காக்கும் அவசரப் பயிற்சி என்பது. இதில் என்ன வரலாறு இருக்கிறது என்று சிலர் நினைக்கக்கூடும். இருக்கிறது. அதில் ஒரு மரணம் இருக்கிறது, ஒரு பொம்மை இருக்கிறது, ஓர் ஆர்கன் தொழிற்சாலை இருக்கிறது. மரணத்திலிருந்தே தொடங்குகிறேன்.

நோர்விச் நகரில் ஓர் இரவு

இங்கிலாந்தின் கிழக்கே நோர்விச் என்று ஒரு நகரம். அங்கே நோர்விக் கிளினிக் என்ற, பூட்டிய கதவுகள் கொண்ட மனநல மருத்துவமனை இருந்தது. 1998 அக்டோபர் 30ஆம் தேதி இரவு. டேவிட் பென்னட் என்ற 38 வயது நோயாளி. ஜமைக்காவில் பிறந்து, சிறுவயதில் இங்கிலாந்துக்கு வந்தவர். மேளம் வாசிப்பார், காற்பந்து ஆடுவார். ஸ்கிசோஃப்ரீனியா என்னும் மனச்சிதைவு நோய்க்குப் பல ஆண்டுகளாகச் சிகிச்சை பெற்று வந்தார்.

அன்றிரவு இன்னொரு நோயாளியோடு அவருக்குச் சச்சரவு. அந்த நோயாளி அவரது நிறத்தைச் சொல்லி இழிவாகப் பேசினார். கடைசியில் வேறு வார்டுக்கு மாற்றப்பட்டவர் பென்னட்தான். மனம் கொதித்த அவர் ஒரு தாதியைத் தாக்கினார். உடனே மற்ற தாதியர் சேர்ந்து அவரைத் தரையில் குப்புறக் கிடத்தி, கைகால்களை அமுக்கிப் பிடித்தனர். ஏறத்தாழ 25 நிமிடங்கள் அப்படிப் பிடித்திருந்தனர். அவருடைய திமிறல் ஓய்ந்தது. அவருடைய உயிரும் போய்விட்டது.

தமிழில் 'அடங்குதல்' என்று ஒரு சொல் இருக்கிறது. கோபம் தணிந்தாலும் 'அடங்கிவிட்டார்' என்போம். மூச்சு நின்றாலும் 'மூச்சு அடங்கிவிட்டது' என்போம். ஒரே சொல்லுக்குள் எவ்வளவு பெரிய தூரம்! குப்புறக் கிடக்கும் ஒருவர் திமிறுவதை நிறுத்தினால், அவர் அமைதியாகிவிட்டாரா, மூச்சு முட்டிப்போனாரா? மனநல வார்டில் வேலை பார்ப்பவர் சில விநாடிகளுக்குள் கண்டுகொள்ள வேண்டிய வேறுபாடு இது. புத்தகத்தில் படித்தால் மட்டும் இது கைக்கு வருமா? வராது. கண்ணும் கையும் முன்கூட்டியே பழகியிருக்க வேண்டும். அந்தப் பழக்கத்தை உண்டாக்கும் ஒத்திகைக்குத்தான் பாவனைப் பயிற்சி என்று பெயர்.

சரி, மற்ற மருத்துவமனைகளுக்கு இந்த ஒத்திகை முன்பே வந்திருந்ததே, மனநல வார்டுக்கு மட்டும் ஏன் இவ்வளவு தாமதம்? அதற்குப் பின்னோக்கிப் போக வேண்டும்.

ஊருக்கு வெளியே எழுந்த மதில்

நம் ஊர்களில் ஒருவரைக் கேலி செய்வதற்கு 'தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்ப வேண்டியதுதான்' என்பார்கள். சிங்கப்பூரில் 'உட்பிரிட்ஜ் கேஸ்' என்பார்கள். ஓர் ஊரின் பெயரும் ஒரு மருத்துவமனையின் பெயரும் வசைச்சொல் ஆனது எப்படி? அவை எட்டத்தில் இருந்ததால்தான். பேராக்கில் ஈப்போவுக்கு அருகே 1911ல் தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனை தொடங்கியது. ஜொகூரில் தாம்போய் மருத்துவமனை 1937ல் வந்தது. சிங்கப்பூரில் 1841ல் பிராஸ் பசா சாலையருகே ஒரு சிறு மனநோய் விடுதி இருந்தது. 1887ல் அது சிப்பாய் லைன்ஸ் பகுதிக்குப் போனது. 1928ல் இயோ சூ காங்கில் புதிய மருத்துவமனை எழுந்தது. 1951ல் அதற்கு உட்பிரிட்ஜ் என்று பெயர் வந்தது. 1993ல் இப்போதுள்ள புவாங்கோக் வளாகத்துக்கு இடம் பெயர்ந்து மனநலக் கழகம் ஆனது.

பிரிட்டிஷ்காரர்கள் தங்கள் நாட்டில் எப்படிக் கட்டினார்களோ அப்படியே இங்கும் கட்டினார்கள். ஊருக்கு வெளியே பரந்த நிலம், தோட்டம், மதில். நல்ல காற்றும் அமைதியும் மனத்துக்கு மருந்து என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கையில் தவறில்லை. ஆனால், பொது மருத்துவமனை ஒரு பக்கம், மனநல மருத்துவமனை இன்னொரு பக்கம் என்று ஆனபோது உடல் ஒரு பக்கமும் மனம் இன்னொரு பக்கமும் பிரிந்துவிட்டன.

தாதியர் பயிற்சியும் அப்படித்தான் பிரிந்தது. மனநல விடுதிப் பணியாளர்களுக்கான முதல் கையேடு பிரிட்டனில் 1885ல் வெளிவந்தது. 1891ல் அவர்களுக்கெனத் தனித்தேர்வு ஏற்பட்டது. பொதுத் தாதியர் வேறு, மனநலத் தாதியர் வேறு என்ற பிரிவு பிரிட்டனில் இன்றளவும் தொடர்கிறது.

இதிலே ஒரு வியப்பும் உண்டு. ஒரு காலத்தில் மனநலத் தாதியர் உடல் ஆபத்தை அன்றாடம் எதிர்கொண்டவர்கள்! 1930களில் வியன்னா மருத்துவர் மான்ஃபிரெட் சாக்கெல், இன்சுலின் ஊசி போட்டு நோயாளியை மயக்க நிலைக்குக் கொண்டுபோகும் சிகிச்சையைப் புகுத்தினார். நோயாளியின் சர்க்கரை அளவு இறங்கும். வியர்க்கும், வலிப்பு வரும், நினைவு போகும். குறித்த நேரத்தில் குழாய் வழியாகச் சர்க்கரைக் கரைசல் கொடுத்து எழுப்ப வேண்டும். எழுப்பத் தவறினால் உயிர் போகும். அந்தப் பிரிவுகளில் இருந்த தாதியர் நாடியையும் மூச்சையும் விடாமல் பார்த்திருந்தார்கள். சிகிச்சையினால் பயன் இல்லை என்று பின்னாளில் தெரிந்து கைவிட்டார்கள். கைவிட்டது சரியே. ஆனால், அதோடு அந்தக் கைப்பழக்கமும் போய்விட்டது என்பது என் கருத்து.

1952ல் பாரிஸ் நகரில் குளோர்ப்ரோமசின் மருந்து மனநோய்க்குப் பயன்படத் தொடங்கியது. விலங்கும் கட்டும் குறைந்தன, பலர் வீடு திரும்பினார்கள். மறுக்க முடியாத நன்மை அது. ஆனால், மருந்து வந்ததால் உடல் ஆபத்து தீர்ந்துவிடவில்லை, உருமாறி வந்தது. உடல் விறைத்து, காய்ச்சல் கொதித்து, உயிரையே பறிக்கக்கூடிய ஒரு பக்கவிளைவை 1960ல் பிரெஞ்சு மருத்துவர்களே விவரித்தார்கள். குளோசப்பின் என்ற மருந்தால் சிலருக்கு வெள்ளணுக்கள் அபாயகரமாகக் குறையும் என்பது 1975ல் பின்லாந்தில் ஏற்பட்ட மரணங்களால் தெரிந்தது. லித்தியம் அளவு மீறினால் நஞ்சாகும். தூக்க ஊசி அதிகமானால் மூச்சு மந்தமாகும். சில மருந்துகள் விழுங்கும் தசைகளைத் தளர்த்துவதால் சோறு தொண்டையில் அடைக்கும். இவ்வளவு ஆபத்து இருந்தும், மாரடைப்புக்கும் மூச்சுத்திணறலுக்கும் பயிற்சி பெற வேண்டியவர்கள் 'அந்தப் பக்கத்து' மருத்துவமனைக்காரர்கள் என்ற எண்ணமே நிலைத்துவிட்டது.

அதே காலத்தில், அந்தப் பக்கத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது?

ஆர்கன் தொழிற்சாலையில் பிறந்த விமானம்

ஒத்திகை முதலில் ஆகாயத்தில்தான் தொடங்கியது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் எட்வின் லிங்க் என்ற இளைஞர். அப்பாவுக்கு ஆர்கன் இசைக்கருவி செய்யும் தொழிற்சாலை. ஆர்கனில் காற்றை ஊதும் துருத்திகளை எடுத்து, தரையிலேயே சாய்ந்து திரும்பும் ஒரு பொய் விமானத்தை 1929ல் உருவாக்கினார். முதலில் அதை விளையாட்டுச் சாமானாகவே பார்த்தார்கள். கேளிக்கைப் பூங்காக்கள்தாம் வாங்கின.

1934ல் அமெரிக்க ராணுவ விமானிகளிடம் தபால் கொண்டுசெல்லும் வேலை ஒப்படைக்கப்பட்டது. குளிர்காலம், பனி, இருட்டு. கருவிகளைப் பார்த்து ஓட்டப் பழகாத விமானிகள் சில வாரங்களுக்குள் ஒருவர் பின் ஒருவராக விழுந்து மாண்டார்கள். அதன் பிறகே ராணுவம் லிங்கைத் தேடிப்போய் ஆறு இயந்திரங்களை வாங்கியது. பிணம் விழுந்த பிறகுதான் ஒத்திகைக்கு மதிப்பு வரும் என்பதை இந்த வரலாறு முழுவதிலும் காணலாம்.

நதியில் கிடைத்த முகம்

மருத்துவத்துக்கு ஒத்திகை வந்தது ஒரு பொம்மை வியாபாரி மூலம். நார்வே நாட்டின் ஸ்டவாங்கர் நகரில் ஆஸ்முண்ட் லேர்டால் மென்மையான பிளாஸ்டிக்கில் 'ஆன்' என்ற குழந்தைப் பொம்மை செய்து விற்றவர். அவருடைய இரண்டு வயது மகன் ஒருமுறை நீரில் மூழ்கி, தந்தையின் கையால் உயிர்தப்பினான். அந்த அனுபவம் அவர் மனத்தில் இருந்தது.

1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பீட்டர் சாஃபார் என்ற மயக்க மருத்துவர், வாயோடு வாய் வைத்து ஊதினால் உயிரைக் காக்கலாம் என்று நிரூபித்தார். 1960ல் அதே நகரில், மார்பை அழுத்தியே இதயத்தை இயக்கலாம் என்று கூவன்ஹோவன் குழுவினர் வெளியிட்டனர். இரண்டும் சேர்ந்துதான் இன்று நாம் சிபிஆர் என்கிறோம். ஆனால், உயிரோடு இருக்கும் மனிதர் மேல் இதை எப்படிப் பழகுவது? விலா எலும்பு முறிந்துவிடுமே! பியோர்ன் லிண்ட் என்ற நார்வே மருத்துவர் லேர்டாலிடம் இதைச் சொன்னார். 1960ல் 'ரெசசி ஆன்' பிறந்தாள்.

அவளுக்கு என்ன முகம் கொடுப்பது? ஆண் பொம்மையின் வாயில் வாய் வைக்க ஆண்கள் தயங்குவார்கள் என்று எண்ணிய லேர்டால், தம் குடும்பத்தார் வீட்டில் தொங்கிய ஒரு முகமூடியின் முகத்தைக் கொடுத்தார். 19ஆம் நூற்றாண்டில் பாரிஸின் சேன் நதியில் மிதந்த, பெயர் தெரியாத இளம்பெண்ணின் முகம் அது என்பது கதை. உண்மையோ கற்பனையோ, யாரும் காப்பாற்றாமல் போன ஒருத்தியின் முகமாக நம்பப்பட்ட அந்த முகத்தில் கோடிக்கணக்கானோர் உயிர்காக்கப் பழகிவிட்டார்கள்.

பிறகு வளர்ச்சி வேகமானது. 1967ல் லாஸ் ஏஞ்சலிஸில் ஏப்ரகாம்சனும் டென்சனும் 'சிம் ஒன்' என்ற கணினிப் பொம்மையைச் செய்தனர். அதன் மார்பு ஏறி இறங்கும், கண்மணி விரியும், மருந்துக்கு ஏற்ப நாடி மாறும். மயக்க மருத்துவர்கள் அதில் பழகினர். விலை மிக அதிகம் என்பதால் ஒன்றோடு நின்றுவிட்டது.

1977 மார்ச் 27ஆம் தேதி டெனரிஃப் தீவில் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் மாண்டனர். மூத்த தலைமை விமானி அவசரப்பட்டார். ஓடுபாதை காலியாகவில்லையோ என்று உடனிருந்தவருக்குச் சந்தேகம் வந்தது. ஆனால், மூத்தவரைத் தடுத்து நிறுத்தும் அளவுக்கு அழுத்திச் சொல்ல முடியவில்லை. அதன் பிறகு விமானிகளுக்கு இயந்திரத்தை ஓட்டும் பயிற்சியோடு, ஒருவரோடு ஒருவர் பேசும் பயிற்சியும் வந்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மயக்க மருத்துவர் டேவிட் காபா 1980களின் பிற்பகுதியில் அந்தப் பாடத்தை அறுவை அறைக்குக் கொண்டுவந்தார். பொம்மை நடுவில் கிடக்கும். ஆனால் பழக்கப்படுத்துவது சுற்றி நிற்கும் குழுவைத்தான்.

மனநலத் துறை அப்போது ஒத்திகையை அறியாமல் இல்லை. 1963ல் ஹவர்ட் பாரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர், நோயாளியாக நடிக்க ஒரு பெண்ணைப் பயிற்றுவித்து மாணவர்களைச் சோதித்தார். அந்த முறையை மனநல ஆசிரியர்கள் பின்னாளில் விரும்பி எடுத்துக்கொண்டனர். மனச்சோர்வு உள்ளவரிடம் எப்படிப் பேசுவது, சினந்தவரை எப்படி ஆற்றுவது என்று நடிகர்களை வைத்துப் பழகினார்கள். ஆக, மயக்க மருத்துவத்தில் பேசாத பொம்மை, மனநலத் துறையில் பேசும் நடிகர். பேசிக்கொண்டிருப்பவரே சுருண்டு விழுந்தால் என்ன செய்வது? அந்த ஒத்திகை மட்டும் யார் வீட்டிலும் இல்லை.

விசாரணை சொன்னது

இப்போது நோர்விச் நகருக்குத் திரும்புவோம். டேவிட் பென்னட்டின் சகோதரி டாக்டர் ஜோஆன்னா பென்னட் மனநலத் துறையைச் சேர்ந்தவர். என்ன கேட்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. விடாமல் கேட்டார். 2001ல் மரண விசாரணை மன்றம், புறக்கணிப்பால் மோசமடைந்த விபத்து மரணம் என்று தீர்ப்பளித்தது. குடும்பத்தார் அதோடு நிற்கவில்லை. ஓய்வுபெற்ற நீதிபதி சர் ஜான் புளோஃபெல்டு தலைமையில் தனி விசாரணை நடந்தது. 2004 பிப்ரவரியில் அறிக்கை வெளிவந்தது.

மனநலச் சேவையில் நிறபேதம் வேரோடியிருக்கிறது என்று அது வெளிப்படையாகச் சொன்னது. யாரையும் மூன்று நிமிடங்களுக்கு மேல் குப்புறப் பிடித்திருக்கக்கூடாது என்றது. அவசரம் என்றால் 20 நிமிடங்களுக்குள் மருத்துவர் வந்துசேரும் ஏற்பாடு வேண்டும் என்றது. மருத்துவர்களுக்கும் பதிவுபெற்ற தாதியருக்கும் முதலுதவிப் பயிற்சி கட்டாயம் என்றது. மருத்துவமனைத் தாதிக்கு முதலுதவி தெரிந்திருக்க வேண்டும் என்று 2004ல் ஒரு நீதிபதி எழுத வேண்டியிருந்தது என்றால், மதில் எவ்வளவு உயரமாக இருந்திருக்கும்!

பென்னட் இறந்த அதே 1998 அக்டோபரில், அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டு கூரண்ட் நாளிதழ் ஒரு தொடர் வெளியிட்டது. பத்தாண்டுகளில் 142 பேர் அமுக்கிப் பிடிக்கப்பட்டோ தனியறையில் அடைக்கப்பட்டோ இறந்ததை அது திரட்டியிருந்தது. அதன் விளைவாக 2000ஆம் ஆண்டில் அந்நாட்டில் சட்டம் வந்தது. ஆக, இது ஓர் ஊரின் குறையோ ஒரு நாட்டின் குறையோ அல்ல.

பிரிட்டனில் நைஸ் என்ற மருத்துவ வழிகாட்டி அமைப்பு 2005ல் விதிகளை வகுத்தது. அமுக்கிப் பிடிக்கும்போது ஒருவர் தலையையும் கழுத்தையும் தாங்க வேண்டும். மூச்சைக் கவனிப்பது அவர் பொறுப்பு, குழுவுக்குத் தலைவரும் அவரே. தூக்க ஊசி போடும் வார்டுகளில், உயிர்காக்கும் அவசரப் பை மூன்று நிமிடங்களுக்குள் கைக்கு வர வேண்டும். அதில் இதயத்துடிப்பை மீட்கும் ஏஇடி கருவி, ஆக்சிஜன், மூச்சூட்டும் பை, உறிஞ்சுகருவி, மருந்துகள் இருக்க வேண்டும். வாரந்தோறும் சரிபார்க்க வேண்டும். மூன்று நிமிடம் என்ற கணக்குக்குக் காரணம் உண்டு. இதயம் நின்றபின் உதவி கிடைக்காத ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 7 முதல் 10 வரை குறைகிறது. 2008ல் அந்நாட்டின் நோயாளி பாதுகாப்பு முகவை, மனநல இடங்களில் உயிர்மீட்புக்கு ஆயத்தமாக இருக்கும்படி தனி எச்சரிக்கையே விட்டது.

வார்டுக்குள் வந்த பொம்மை

விதி காகிதத்தில் வந்துவிட்டது. கைக்கு எப்படி வரும்? அப்போதுதான் மயக்க மருத்துவத்தின் பொம்மையும் மனநலத் துறையின் நடிகரும் ஒரே அறையில் சந்தித்தனர். 2010களில் லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் மனநலத்துக்கெனத் தனிப் பாவனைப் பயிற்சி மையம் ஏற்பட்டது. மனநல இடங்களில் உடல்நோயைக் கண்டறியும் 'ராம்ப்ஸ்' என்ற பயிற்சியும் பிரிட்டனில் பரவியது. அதில் மருத்துவர்களும் தாதியரும் சேர்ந்து பழகினர்.

இப்படிப்பட்ட பயிற்சி எப்படி நடக்கும்? ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். இரவு வார்டு. கலவரப்பட்ட நோயாளிக்கு ஊசி போட்டாகிவிட்டது. அரைமணி நேரம் கழித்துத் தாதி எட்டிப் பார்க்கிறார். கட்டிலில் கிடக்கும் பொம்மை குறட்டை விடுகிறது. 'நன்றாகத் தூங்குகிறார்' என்று போய்விடலாம். அல்லது போர்வையை விலக்கி, ஒரு நிமிடம் மூச்சை எண்ணலாம். எண்ணினால் எட்டுதான் வருகிறது. அது தூக்கம் இல்லை, ஆபத்து. தலையை நிமிர்த்தி மூச்சுவழியைத் திறக்க வேண்டும், ஆக்சிஜன் கொடுக்க வேண்டும், ஆள் அழைக்க வேண்டும். மருத்துவரிடம் தொலைபேசியில் 'கொஞ்சம் சரியில்லை டாக்டர்' என்று இழுக்காமல், இன்ன நிலை, இன்ன பின்னணி, இது என் கணிப்பு, இது எனக்கு வேண்டும் என்று வரிசையாகச் சொல்ல வேண்டும்.

இன்னொரு காட்சியில், சாப்பாட்டு மேசையில் ஒருவருக்குத் தொண்டை அடைக்கும். வேறொன்றில், 'பேய் என் நெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது' என்று நடிகர் கத்துவார். மனநோயாளியின் பிதற்றல் என்று விட்டுவிடுகிறார்களா, மாரடைப்போ என்று நாடி பிடிக்கிறார்களா என்பதுதான் சோதனை. நோயாளி சொல்லும் உடல்வலியை மனநோயின் கணக்கில் எழுதிவிடுவது இத்துறையின் பழைய வியாதி.

காட்சி முடிந்ததும் எல்லோரும் வட்டமாக அமர்வார்கள். யார் மேல் தவறு என்ற பேச்சு இருக்காது. என்ன பார்த்தீர்கள், என்ன நினைத்தீர்கள், எதைச் சொல்லத் தயங்கினீர்கள் என்று கேட்பார்கள். பயிற்சியின் பாதிப் பயன் அந்த வட்டத்தில்தான். 'மூச்சு சரியில்லை என்று எனக்குத் தோன்றியது, மூத்தவர் இருந்ததால் பேசவில்லை' என்று ஓர் இளம் தாதி சொன்னால், டெனரிஃப் ஓடுபாதையில் நடந்தது ஒரு வார்டுக்குள்ளும் நடக்கும் என்று எல்லோருக்கும் புரியும்.

மையத்தில் பழகுவது ஒன்று, சொந்த வார்டிலேயே திடீர் ஒத்திகை நடத்துவது இன்னொன்று. அப்போது வேறு உண்மைகள் வெளிவரும். அவசரப் பை இருக்கும் அலமாரியின் சாவி யாரிடம்? ஆம்புலன்ஸ்காரர்கள் வந்தால் அடுத்தடுத்த பூட்டுக் கதவுகளை யார் திறந்துவிடுவது? அந்த நேரம் மற்ற நோயாளிகளை யார் பார்த்துக்கொள்வது? இவற்றை உண்மையான ஆபத்தில் கண்டுபிடிப்பதைவிட ஒத்திகையில் கண்டுபிடிப்பது மேலல்லவா?

பயிற்சி மட்டும் போதுமா?

போதாது என்பதையும் வரலாறே சொல்கிறது. மூன்று நிமிட வரம்பைப் பிரிட்டிஷ் அரசாங்கம் அப்படியே ஏற்கவில்லை. 2010ல் லண்டனின் பெத்லெம் மருத்துவமனையில் ஒலசெனி லூயிஸ் என்ற 23 வயது இளைஞர், போலிஸ் அதிகாரிகள் 11 பேர் அமுக்கிப் பிடித்ததில் நினைவிழந்து, சில நாட்களில் இறந்தார். தாமாக உதவி தேடி வந்த நோயாளி அவர். பென்னட்டைப் போல அவரும் கறுப்பினத்தவர். அவருடைய பெற்றோர் போராடியதால் 2018ல், மனநல மருத்துவமனைகளில் பலப் பிரயோகத்தைக் கட்டுப்படுத்தும் சட்டம் நிறைவேறியது. பணியாளர் பயிற்சியைச் சட்டக் கடமையாக்கிய அச்சட்டத்தை மக்கள் 'செனி சட்டம்' என்று அந்த மகன் பெயராலேயே அழைக்கிறார்கள்.

ஒரு பொம்மை மூச்சை எண்ணக் கற்றுத்தரும். எதிரில் கிடப்பவரும் நம்மைப் போன்ற மனிதர் என்ற எண்ணத்தை அது தானாகத் தந்துவிடாது. ஒருவரைத் தரையில் தள்ளும் கட்டம் வராமலே பேசித் தீர்ப்பது முதல் பயிற்சி. அது முடியாதபோது அவர் மூச்சைக் காப்பது இரண்டாம் பயிற்சி. ஆகவேதான் நல்ல பயிற்சி மையங்களில், மனநோயிலிருந்து மீண்டவர்களையும் பயிற்சியாளர்களோடு சேர்த்துக்கொள்கிறார்கள். குப்புறக் கிடப்பது எப்படியிருக்கும் என்று அவர்களைத் தவிர யார் சொல்ல முடியும்?

கேள்வி: இந்தப் பயிற்சியால் உயிர்கள் பிழைக்கின்றன என்பதற்குச் சான்று உண்டா?

பதில்: நேர்மையாகச் சொல்ல வேண்டும். பயிற்சி பெற்றவர்களின் அறிவும் திறனும் தன்னம்பிக்கையும் உயர்வதைப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. மனநல வார்டுகளில் மரணம் இத்தனை குறைந்தது என்று எண்ணிச் சொல்லும் ஆய்வுகள் அரிது. அத்தகைய நிகழ்வுகள் ஒரு வார்டில் அபூர்வமாகவே நடப்பது ஒரு காரணம். ஆனால், அபூர்வமாக நடப்பதற்குத்தான் ஒத்திகை அதிகம் வேண்டும். தினமும் நடப்பது தானாகவே கைக்கு வந்துவிடும்.

கேள்வி: என் தம்பி மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறார். வீட்டில் நாங்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: நல்ல கேள்வி ஐயா. கடும் மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாகவே இறக்கிறார்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதில் பெரும்பகுதிக்குக் காரணம் இதயநோய் போன்ற உடல்நோய்கள். ஆகவே தம்பி நெஞ்சுவலி, வயிற்றுவலி என்றால் 'வழக்கமான புலம்பல்' என்று தள்ளாதீர்கள். காய்ச்சலோடு உடல் விறைத்தாலோ, வலிப்பு வந்தாலோ, எழுப்பியும் எழாமல் தூங்கினாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999. தொண்டைவலியும் காய்ச்சலும் வந்தால், என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். முடிந்தால் வீட்டில் ஒருவராவது சிபிஆர் வகுப்புக்குப் போங்கள். சிங்கப்பூரில் வீவக புளோக்குகளின் கீழே ஏஇடி கருவி மாட்டியிருக்கிறார்கள். உங்கள் வீட்டுக்கு அருகே அது எங்கே இருக்கிறது என்று இன்று வீடு திரும்பும்போதே பார்த்துவிடுங்கள். அதுவும் ஓர் ஒத்திகைதான்.

நேரம் முடிந்துவிட்டது. ஒன்றைச் சொல்லி விடைபெறுகிறேன். அடுத்த முறை யாராவது தஞ்சோங் ரம்புத்தான் என்றோ உட்பிரிட்ஜ் என்றோ கேலி பேசும்போது, அங்கே இந்நேரம் ஒரு தாதி ஒரு நோயாளியின் அருகே நின்று அவர் மூச்சை எண்ணிக்கொண்டிருக்கலாம் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். டேவிட் பென்னட்டின் மூச்சை அன்று யாராவது சரியாக எண்ணியிருந்தால் அவர் பிழைத்திருக்கக்கூடும்.